பட்டுப்போன செடியை வாங்கியவர்

அத்தியாயம் ஒன்பது

காணாமல் போனது ஒரு மண்டையோடு. எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். வெள்ளைக் கல்லில் செதுக்கியது. முந்நூற்று நாற்பது வருடங்களாக ஒரு கல் சிறுவனின் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் இருந்தது. ஜூன் பத்தாம் தேதி, தார்ன்லோ மாளிகைத் தோட்டத்தை ஊருக்குத் திறந்துவிடும் ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணிக்குத் தேவாலயத்தைப் பூட்டும்போது அது அங்கே இல்லை.

ஒன்பது நாள் கழித்து, தலைமைத் தோட்டக்காரர் ஜெத்ரோ டான்ஸ்லி தம் கொட்டகையில் ஒரு பூந்தொட்டிக்குள் அதைக் கண்டெடுத்தார். கழுவினார், கைக்குட்டையில் சுற்றினார், நேராக லேடி தார்ன்லோவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். லேடி தார்ன்லோ நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு அவரை வேலையிலிருந்து நீக்கினார்.

குப்பைக் குழியில் எறிந்திருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இதை என் நோட்டில் முதல் குறிப்பாக எழுதினேன். இது குறிப்பா, என் அபிப்பிராயமா என்று சந்தேகம் வந்து அடித்துவிட்டேன்.

வேலையோடு வீடும் போகிறது. தோட்டக்காரர் வீடு தோட்டக்காரருக்குத்தான். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் காலி செய்ய வேண்டும். டான்ஸ்லியின் மனைவி ஐவி எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்கு ஒரு தபால் அட்டை போட்டிருந்தார். 'என் கணவர் அதை உடைக்கவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. வந்து பாருங்கள். பின்வாசல் வழியாக வரவும். முன்வாசலில் கட்டில் நிற்கிறது.'

வியாழக்கிழமை இரண்டு மணிக்குப் போனோம். எனக்கு இது ஏழாவது வழக்கு. என் பெயர் வினிஃப்ரெட் ஸ்ட்ரவுட். உடன் வந்தவர் க்ளெம் ஹாப்டே, இருபத்தாறு வருடம் பேருந்து நடத்துநராக இருந்தவர், இப்போது என் உதவியாளர். யார் யாருக்கு உதவி என்பதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

டான்ஸ்லி கொட்டகையில் நின்று, நாளை யாரோ ஒருவர் வந்து எடுக்கப் போகும் மண்வெட்டிகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"உங்க மேல என்னதான் குத்தம் சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"தோட்டம் தெறக்கறதுக்கு மொத நாள், சனிக்கிழமை, அந்தக் கல்லுப் பையன் இருக்கிற கல்லறைக்கு மேல தழை கட்டினேன், மிஸ். ஏணி போட்டுத்தான். ஏணி இடிச்சு மண்டையோடு விழுந்துடுச்சாம். நான் பயந்து தொட்டிக்குள்ள மறைச்சு வச்சேனாம். அப்புறம் மனசு உறுத்தி எடுத்துக் குடுத்தேனாம்."

"இடிச்சுதா?"

"நாப்பது வருஷமா அங்க ஏணி போடறேன். ஒரு தடவகூட இடிச்சதில்ல."

"மை லேடிகிட்ட இதச் சொன்னீங்களா?"

"அவங்க கேக்கல."

ஐவி தேநீரோடு உள்ளே வந்தார். கோப்பைகளைக் கட்டி வைத்துவிட்டதால் ஜாம் பாட்டில்களில் கொண்டுவந்திருந்தார்.

"இவர் சொல்ல மாட்டாருங்க," என்றார் ஐவி. "வீடு தீப்பிடிச்சாக்கூட, யாராவது வந்து கேக்கட்டும்னு நிப்பாரு."

"எந்தத் தொட்டியில இருந்துது?" என்றேன்.

டான்ஸ்லி பலகைக்கு அடியிலிருந்து ஒரு தொட்டியை எடுத்து வைத்தார். அதில் ஒரு ஜெரேனியம் இருந்தது. இருந்தது என்று சொல்வதற்கு எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பழுப்பு நிறத்தில் ஒரு குச்சி, அதில் இரண்டு சருகு. மண்ணில் ஒரு வெள்ளை அடையாளத் தகடு குத்தியிருந்தது. அதில் அச்சில் 'விற்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது.

க்ளெம் தொட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார்.

"இதுக்கு எப்ப இறுதிச் சடங்கு?" என்றார்.

"தோட்டம் தெறக்கிற அன்னிக்குச் சுவரோரமா செடி விப்போம்," என்றார் டான்ஸ்லி. "பட்டதைத் தனியா ஓரத்துல வச்சிருந்தேன், தொட்டி வேணுமேன்னு. சாயந்திரம் வந்து பாத்தா இந்தத் தகடு குத்தியிருக்கு. வாங்கினவங்க வந்து எடுத்துக்கல. எடுக்காத செடிய ரெண்டு வாரம் வச்சிருந்து தண்ணி ஊத்தறது வழக்கம்."

"பட்டுப்போன செடிக்கா?"

"வித்தாச்சே, மிஸ்."

"தெனமுமா?"

"காலையில ஒரு தடவ. வெயில் இருந்தா ரெண்டு தடவ." அவர் தொட்டி விளிம்பிலிருந்த மண்ணைத் துடைத்தார். "ஒம்பதாம் நாள் தண்ணி ஊத்தும்போது மண்ணு கரைஞ்சு பல்லு தெரிஞ்சுது."

நான் இதை எழுதிக்கொண்டேன். க்ளெம் ஜாம் பாட்டிலை அந்தச் செடியின் நலத்துக்காக உயர்த்திக் குடித்தார்.

வாங்கியவர்கள் தகட்டில் அந்த அச்சுக்குக் கீழே தங்கள் பெயரின் முதலெழுத்துகளை எழுதிக் குத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள் என்றும், அதற்காக மேசையில் ஒரு பேனா கட்டியிருக்கும் என்றும், இது யாருடையது என்று தாம் படித்துப் பார்க்கவில்லை என்றும் டான்ஸ்லி சொன்னார். இந்தத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு நீலக் கறை, அதுவும் என் கற்பனையாக இருக்கலாம். பேனா மைக்கு ஒன்பது நாள் தண்ணீர் போதும்.

"யாரோ இவர மாட்டிவிடறதுக்காகத்தான் இந்தத் தொட்டியில வச்சிருக்காங்க," என்றேன்.

"மாட்டிவிடறவன் எதுக்கு மிஸ் செடிய வாங்கினதா தகடு குத்தணும்?" என்றார் க்ளெம்.

தகட்டை ஒரு உறையில் போட்டுக்கொண்டேன்.

தேவாலயம் தோட்டத்தின் கடைசியில், உயரமாக வெட்டிய வேலிக்கு அப்பால் இருந்தது. செடி விற்ற சுவர் அதன் பக்கவாசலிலிருந்து பன்னிரண்டு தப்படி. நான் நடந்து அளந்தேன். க்ளெம் நடந்து பதினொன்று என்றார். இரண்டையும் எழுதினேன்.

உள்ளே தெற்குச் சுவர் முழுக்கத் தார்ன்லோ குடும்பம்தான், கல்லில். மேலே சர் ரால்ஃபும் அவர் மனைவியும் கல் தலையணையில் படுத்திருந்தார்கள். கீழே அவர்களுடைய ஐந்து மகன்கள் வயது வரிசையில் முழந்தாளிட்டிருந்தார்கள். அப்பாவுக்கு முன்னால் இறந்த பிள்ளைகளின் கையில் மண்டையோடு செதுக்குவது அந்தக் காலத்து வழக்கம். இது இந்த ஊரில் நான்கு வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஞாயிறு பிரசங்கத்தின்போது பார்க்க அவர்களுக்கு வேறு எதுவும் இல்லை. இரண்டாவது மகனிடம் ஒரு மண்டையோடு. ஐந்தாவது மகனிடம் ஒன்று. நான்காவது மகன் ஜெர்வாஸின் உள்ளங்கைகள் எதிரெதிரே விரிந்திருந்தன. நடுவில் ஒரு துருப்பிடித்த இரும்பு முளை.

"பந்து வரும்னு காத்திருக்கான் பையன்," என்றார் க்ளெம். "முந்நூத்தி நாப்பது வருஷமா எவனும் அடிக்கல."

வாசலருகே மேசையில் தேவாலயக் கையேடு அடுக்கியிருந்தது. எழுதியவர் கர்னல் ஆப்ரி பெவரில், தேவாலய நிர்வாகி. நான் கையேட்டை வைத்துக்கொண்டு சுவரில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். இது என் பழக்கம். இதனால் இதுவரை எந்த வழக்கும் தீர்ந்ததில்லை.

'ஐந்து மகன்களில் இருவர் தந்தைக்கு முன்பே இறந்தவர்கள். கையில் மண்டையோடு ஏந்தியுள்ளனர். ஜெர்வாஸ் கைகூப்பிய நிலையில் இருக்கிறார்.'

புத்தகத்தில் இரண்டு. சுவரிலும் இரண்டு. எல்லாம் சரியாக இருந்தது. வெளியே வந்து தோட்டத்துப் பாதையில் பாதி தூரம் போன பிறகுதான் அது சரியாக இருக்கக் கூடாது என்பது எனக்கு உறைத்தது. திரும்ப ஓடினேன். கடைசிப் பக்கத்தில் அச்சிட்ட மாதம் இருந்தது. மே.

"மண்டையோடு போனது ஜூன்ல," என்றேன்.

க்ளெம் கையேட்டை வாங்கிப் பார்த்தார். "அப்ப கர்னல் ஜோசியமும் பாப்பாரு போல."

பின்னட்டையில் ஒரு வம்சப் படம் இருந்தது. ஜெர்வாஸிலிருந்து ஒரு கோடு இறங்கி, பல தலைமுறை தாண்டி, ஆப்ரி பெவரிலில் வந்து நின்றது. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: குடும்பத்தினரைப் புதைக்கும் நிலவறையில் ஒரே ஒரு இடம் மீதம் இருக்கிறது, அது சர் ரால்ஃபின் ரத்த வாரிசுக்கு மட்டும் உரியது.

"மண்டையோடு இருந்தா ஜெர்வாஸ் சின்ன வயசுலேயே செத்துட்டான்," என்றேன். "இல்லேன்னா..."

"இல்லேன்னா வளந்து, கல்யாணம் பண்ணி, கர்னல் வரைக்கும் பெத்துப் போட்டுட்டான்," என்றார் க்ளெம். "இருக்கிறதுக்கு வீடு வேணும்னு திருடறவன பாத்திருக்கேன். செத்தப்புறம் படுக்கறதுக்குத் திருடறவர இப்பத்தான் பாக்கறேன்."

கர்னல் பெவரில் தம் வீட்டுப் பின்புறத்தில் பட்டாணிக் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயது. வெயிலிலும் கழுத்துப்பட்டை. எங்களை உட்கார வைத்து, சீரகக் கேக் வெட்டித் தந்து, நான் சொல்வதை முழுக்கக் கேட்டார்.

"எண்ணிக்கையில தப்பு நடந்துபோச்சு, மிஸ் ஸ்ட்ரவுட்," என்றார். "எனக்குக் கண்ணு சரியில்ல. மூணுங்கறத ரெண்டுன்னு எழுதிட்டேன்."

"கைகூப்பியிருக்கார்னும் எழுதியிருக்கீங்களே."

"ஒரு தப்பு வந்தா கூட இன்னொண்ணும் வரும்."

அது நியாயமாகத்தான் பட்டது. கையேடு ஒரு சாட்சியமே அல்ல என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஒரு முதியவர் தப்பாக எண்ணினார். அதற்கு மேல் என்னிடம் என்ன இருக்கிறது? எழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகலாமா என்று நினைத்தேன். நோட்டைப் பையில் வைக்கும்போது உறை கையில் பட்டது. தகட்டை எடுத்து மேசையில் வைத்தேன். அச்செழுத்து இருக்கும் பக்கம் கீழே இருந்தது. ஏன் அப்படி வைத்தேன் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

"அந்தத் தொட்டியில குத்தியிருந்த தகடு, கர்னல்," என்றேன். "வாங்கினவங்க பேரோட மொதலெழுத்த இதுல எழுதறது வழக்கமாமே."

கர்னல் அதைப் பார்த்தார். தொடவில்லை. கேக் வெட்டிய கத்தியைத் துணியில் துடைத்து, தட்டின் குறுக்கே வைத்தார்.

"நான் வேற யார் பேரையாவது எழுதியிருக்கலாம்," என்றார். "அந்த நேரத்துல எனக்கும் தோணிச்சு. ஆனா அது பொய்க் கையெழுத்து ஆயிடும்."

க்ளெம் மெல்லுவதை நிறுத்தினார்.

"நாலு மணிக்குத் தேநீர் மணி அடிச்சுது," என்று கர்னல் தொடர்ந்தார். "எல்லாரும் எலுமிச்சை கேக் தீந்துடும்னு ஓடினாங்க. தேவாலயத்துல நான் மட்டும்தான். மண்டையோடு ஆடிட்டிருக்கும், சின்ன வயசுலேர்ந்தே எனக்குத் தெரியும். ரெண்டு திருகு திருகினேன், கையோட வந்துடுச்சு. வெளிய வந்தா ஒரு பேருந்து நெறையப் பொம்பளைங்க. மகளிர் சங்கம். என் சட்டையில வழிகாட்டின்னு அட்டை குத்தியிருக்கு. ஒரு அம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'எங்களுக்காகவே நிக்கறீங்களா, எவ்வளவு நல்ல மனசு'ன்னாங்க. இன்னொரு கையில மண்டையோடு. பக்கத்துல தொட்டி. யாரும் எடுக்க மாட்டாங்கன்னுதான் பட்ட செடியா பாத்துப் புதைச்சு, தகடு எழுதிக் குத்தினேன். அப்புறமா வந்து எடுத்துக்கலாம்னு நெனச்சேன்."

"ஏன் எடுக்கல?"

"அவங்க ரெண்டு மணி நேரம் கேள்வி கேட்டாங்க. திரும்பி வந்தா சுவரோரம் காலி."

"கொட்டகைக்குப் போய், நான் வாங்கின செடின்னு கேட்டிருக்கலாமே," என்றார் க்ளெம்.

"பட்டுப்போன செடிய எதுக்கு வாங்கினேன்னு டான்ஸ்லி கேட்டா என்ன சொல்றது?"

"அவர் கேட்டிருக்க மாட்டாரு, கர்னல். அதான் அவரோட பிரச்சினையே."

கர்னல் கையை நீட்டித் தகட்டைத் திருப்பினார். விற்கப்பட்டது. மறுபடி திருப்பினார். வெறும் வெள்ளை. வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"என் எழுத்து இல்லையே," என்றார்.

"தெனமும் தண்ணி ஊத்தியிருக்காரு," என்றேன். என் முகம் சுட்டது. "எழுத்து இருக்குன்னு நான் சொல்லல."

"இல்ல. நீங்க சொல்லல." அவர் தகட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். இப்போது அவர் எல்லாவற்றையும் மறுக்கலாம். எங்கள் இருவர் பேச்சுக்கு எதிராகத் தேவாலய நிர்வாகியின் பேச்சு. அது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. நாங்கள் மூவரும் பட்டாணிக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நாளைக்கு டான்ஸ்லி வீட்டைக் காலி பண்றாரு," என்றேன். "பன்னெண்டு மணிக்கு."

"தெரியும். செவ்வாக்கெழமையிலேர்ந்து கான்ஸ்டன்ஸ் தார்ன்லோவுக்கு நாலு கடிதம் எழுதிட்டேன்."

"போட்டீங்களா?"

"தபால்தலை இல்ல," என்றார். பிறகு, "இருக்கு," என்றார். "நாளைக்குப் பத்து மணிக்கு நேர்ல போறேன். நீங்க ரெண்டு பேரும் கூட வந்தா, வழியில திரும்பிட மாட்டேன்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு லேடி கான்ஸ்டன்ஸ் தார்ன்லோ ரோஜாப் பாத்தியில் குனிந்து வாடிய பூக்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். கர்னல் நான்கு அடி தள்ளி நின்று, தொப்பியைக் கழற்றி, எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. மகளிர் சங்கத்தைக்கூட விடவில்லை. சொல்லி முடிக்கும்வரை கத்தரிக்கோல் நிற்கவில்லை.

"நிலவறைக்காகவா?" என்றார் லேடி தார்ன்லோ.

"ஆமா."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, ஆப்ரி. எனக்கு அது வேண்டாம். அங்க ஒரே ஈரம். நான் நாய்ங்களோட தோட்டத்துலயே படுத்துக்கறதா முடிவு பண்ணியாச்சு."

"கேக்கறதுக்கு ஒரு உரிமை வேணுமே, கான்ஸ்டன்ஸ்."

லேடி தார்ன்லோ முதல் முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "தேவாலய வேலியோரம் எடம் இருக்கு," என்றார் கடைசியில். "ஊர்க்காரங்க எல்லாரும் அங்கதான். காத்தும் வரும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "டான்ஸ்லிகிட்ட சொல்லிடும்மா. இருக்கலாம். ரோஜாவுக்கு இன்னிக்கே மருந்து அடிக்கணும்."

ஆக வழக்கு தீர்ந்தது. பதினொன்று ஐந்துக்கு நாங்கள் தோட்டக்காரர் வீட்டு வாசலில் இருந்தோம். ஒரு லாரி நின்றது. கட்டிலும் பெட்டிகளும் ஏறிவிட்டன. ஓக் மரத்துச் சமையல் மேசை மட்டும் பாதையில் இருந்தது. ஐவி அதன்மேல் தொப்பி அணிந்து உட்கார்ந்திருந்தார். நான் செய்தியைச் சொன்னேன்.

டான்ஸ்லி தலையாட்டி, மருந்துத் தெளிப்பானைத் தேடப் போனார்.

"ஜெத்," என்றார் ஐவி. "வந்து உக்காரு."

அவர் வந்து உட்கார்ந்தார்.

"இருக்கலாம்னு சொன்னாங்களா?" என்று ஐவி என்னைக் கேட்டார்.

"ஆமா."

"தப்பு பண்ணிட்டேன்னு சொன்னாங்களா?"

நான் நோட்டைப் புரட்டினேன். அது அனாவசியம், பதில் எனக்குத் தெரியும். "இல்ல," என்றேன்.

"இவர் திருடன்னு ஊரே பத்து நிமிஷத்துல தெரிஞ்சுக்கிச்சு. அத அவங்க ஆள் விட்டுச் சொல்லி அனுப்பல, அவங்க வாயாலேயே பலசரக்குக் கடையில நின்னு சொன்னாங்க. பன்னெண்டுக்கு லாரி கெளம்பும். எங்க அக்கா வீட்டுல ஒரு அறை இருக்கு."

"ஐவி, ரோஜாவுக்கு..." என்றார் டான்ஸ்லி.

"ரோஜா கேக்கட்டும்."

நான் மாளிகைக்குத் திரும்பி நடந்தேன். இப்படி ஒரு செய்தியைக் கொண்டுபோவது துப்பறிபவரின் வேலையா என்று தெரியவில்லை. லேடி தார்ன்லோ நான் சொன்னதைக் கேட்டார், அடுத்த ரோஜாச் செடிக்கு நகர்ந்தார். நான் இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

பதினொன்று நாற்பது. லாரி ஓட்டுநர் பத்திரிகையை மடித்து வைத்தார். பதினொன்று ஐம்பது. ஓட்டுநர் இறங்கி, "மேசையை ஏத்திடலாமா, அம்மா?" என்றார். ஐவி எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

காய்கறித் தோட்டத்துக் கதவு திறந்தது. லேடி தார்ன்லோ முட்டைக்கோஸ் வரிசைகளுக்கு நடுவே, கையில் கத்தரிக்கோலோடு வந்தார். இந்த வீட்டுக்கு அவர் வந்ததாக டான்ஸ்லிக்கு நினைவில்லை. வேலிக் கதவருகே நின்றார். அது உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கம் திறக்குமா என்று அவருக்குத் தெரியவில்லை. யாரும் எழுந்து போய்த் திறக்கவில்லை. டான்ஸ்லி எழப் பார்த்தார். ஐவி அவர் தோளில் கை வைத்தார்.

"டான்ஸ்லி," என்றார் லேடி தார்ன்லோ, வேலிக்கு வெளியிலிருந்தே. "உங்களக் கேக்காம நானே முடிவு பண்ணிட்டேன். அது தப்பு. கடையில சொன்னதும் தப்பு. நாளைக்குக் கடைக்குப் போவேன்."

டான்ஸ்லி தரையைப் பார்த்தார். "சரி, மை லேடி."

"மிசஸ் டான்ஸ்லி?"

ஐவி அவரை உச்சியிலிருந்து பாதம் வரை, எடை போட்டு வாங்கப்போகிறவர் மாதிரி பார்த்தார். பிறகு போய்க் கதவை உள்பக்கமாக இழுத்துத் திறந்தார். ஓட்டுநரிடம் கட்டிலை இறக்கச் சொன்னார். திரும்பி வந்து மேசையின் ஒரு முனையைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் பிடிங்க, மை லேடி," என்றார். "வாசல் குறுகல். ஒருச்சாய்ச்சுத்தான் உள்ள போகும்."

லேடி தார்ன்லோ கத்தரிக்கோலைக் க்ளெம்மிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து மேசையைத் தூக்கினார்.